ராஜராஜனுக்கு மீசை உண்டா?

அக்கா போன் செய்து கேட்ட கேள்வி இது. அவள் பையனுக்குப் பள்ளியில் மாறுவேடப் போட்டி. வாடகைக்கு உடை கொடுக்கும் கடையில் "ராஜா செட்" என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஜரிகை ஓரம் வைத்த சிவப்பு வெல்வெட் அங்கி, அட்டைக் கிரீடம், வெள்ளிக் காகிதம் சுற்றிய வாள், தனிப் பொட்டலத்தில் ஒட்டு மீசை. கட்டபொம்மனுக்கும் அதே பைதான், சேரன் செங்குட்டுவனுக்கும் அதே பைதான். கட்டபொம்மன் என்றால் மீசை கட்டாயம், மற்ற ராஜாக்களுக்கு உங்கள் இஷ்டம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டாராம். "தம்பி, இவனுக்கு மீசை அரிக்குதுன்னு அழறான். ராஜராஜ சோழனுக்கு மீசை உண்டா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றாள். ஒட்ட வேண்டாம், மீசைக்கு ஆதாரமே கிடையாது என்றேன். "அப்போ மீசை இல்லைங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். வரலாறு படித்தவன் என்று வீட்டில் பெயர் வாங்கி வைத்திருப்பதன் தண்டனை இது. பையன் மீசை இல்லாமலே மேடையேறி, இரண்டு வரி வசனத்தைக் கத்திவிட்டு இறங்கிவிட்டான். எனக்குத்தான் கேள்வி இறங்கவில்லை.

நம் எல்லோருக்குள்ளும் ஒரு ராஜராஜன் முகம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் பெரும்பாலும் கடந்த எழுபது, எண்பது வருடங்களுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. என் பெரியம்மாவுக்கு அது கல்கி வார இதழில் மணியம் வரைந்த அருள்மொழிவர்மன். அப்பாவுக்கு 1973-இல் சினிமாஸ்கோப் திரையில் பார்த்த சிவாஜி. தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பெரிய கோயிலுக்கு வெளியே நிற்கும் சிலை. 1972-இல் கருணாநிதி திறந்து வைத்தது. கோயிலுக்குள் வைக்கத்தான் மாநில அரசு விரும்பியது, மத்திய அரசு அனுமதிக்காததால் வெளியே நின்றது என்ற கதையை இன்றைக்கும் ஆட்டோவில் ஏறினால் கேட்கலாம். இப்போதைய பிள்ளைகளுக்கு வாட்ஸாப்பில் வரும் செயற்கை நுண்ணறிவுப் படங்கள். "ராஜராஜ சோழனின் உண்மையான முகம்" என்று போட்டு, ஜிம்முக்குப் போய் வந்தது போன்ற தோளும், சுண்ணாம்பு அடித்தது போன்ற நிறமும், தோல் கவசமும், முழங்கால் வரை பூட்ஸுமாக ஒருவரை அனுப்புகிறார்கள். தஞ்சாவூர் வெயிலில் பூட்ஸ்! மணியத்தை யாரும் "உண்மையான முகம்" என்று சொல்லவில்லை. அது கதைக்கு வரைந்த படம் என்று எல்லோருக்கும் தெரியும். வேணுகோபால சர்மா வரைந்த வள்ளுவரையும் நாம் அப்படித் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டோம். இந்தப் புதிய படங்கள் மட்டும்தான் புகைப்படத்தின் தோரணையில் வந்து நிற்கின்றன. எனக்கு எரிச்சலூட்டுவது அந்தத் தோரணை.

சரி, அப்படியானால் அவன் காலத்திலிருந்தே நமக்கு எதுதான் வந்திருக்கிறது?

இருட்டு நடையில் இருவர்

எல்லோரும் முதலில் காட்டுவது பெரிய கோயில் ஓவியத்தைத்தான். கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு குறுகலான நடை ஓடுகிறது. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் இருந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி, அந்தப் பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியில் இன்னொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். சோழர் காலத்து ஓவியம். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டியது. பின்னாளில் தொல்லியல் துறை மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து வேறு தளத்தில் ஒட்டிக் காப்பாற்றி, கீழே இருந்ததையும் வெளியே கொண்டுவந்தது. அந்த நடைக்குள் பொதுமக்கள் போக முடியாது. நாமெல்லாம் கோயில் வளாகத்துக் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கும் புகைப்படங்களைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

அதில் ஒரு பகுதியில் இரண்டு ஆண்கள். முன்னால் ஒரு முதியவர், அவரை ஒட்டிப் பின்னால் ஒரு இளையவர். இருவர் முடியும் உச்சியில் தூக்கிக் கட்டியிருக்கிறது. தலையில் கிரீடம் இல்லை. முதியவர் கருவூர்த் தேவர், இளையவர் ராஜராஜன் என்று பாடப்புத்தகம் முதல் நாட்காட்டி வரை எழுதியாகிவிட்டது. ஆனால் ஓவியத்தில் பெயர் எதுவும் இல்லை. இவர்கள் முனிவர்கள், அரசனே இல்லை என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். கருவூர்த் தேவர் இந்தக் கோயிலின் மேல் திருவிசைப்பா பாடியவர், அதனால் அவரை அரசனோடு சேர்த்துப் பார்ப்பது இயல்புதான். என்றாலும் கோயில் கல்வெட்டுகளில் குருக்கள் என்று வருபவர் ஈசான சிவபண்டிதர். அந்த முதியவர் ஏன் அவராக இருக்கக் கூடாது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

வயதுக் கணக்கு வேறு இடிக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-இல். விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்தது 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாள், அதாவது 1010-இல். அதற்கு இரண்டே ஆண்டில், 1012-இல், மகன் ராஜேந்திரனுக்கு இளவரசுப் பட்டம் கட்டியாகிவிட்டது. அப்போது ராஜேந்திரன் சிறு பிள்ளையும் இல்லை, படை நடத்திப் பழகியவன். ஆக, இந்தச் சுவரில் வண்ணம் ஏறிய காலத்தில் ராஜராஜனுக்கு எப்படிப் பார்த்தாலும் ஐம்பது ஒட்டியோ அதைத் தாண்டியோ இருக்கும். ஓவியத்தில் பின்னால் நிற்பவருக்கு அந்த வயது தெரியவில்லை. ஒன்று, ஓவியர் மன்னரை இளமையாக்கிவிட்டார். இல்லையென்றால் அது மன்னர் இல்லை. இரண்டில் எதுவானாலும் "உண்மையான முகம்" கையை விட்டுப் போகிறது.

சோழ ஓவியர்களுக்கு முகம் வரையத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அதே நடையில் சுந்தரர் கதை ஓடுகிறது. திருமணப் பந்தலில் சிவன் கிழவராக வந்து, ஓலையைக் கையில் தூக்கிக் காட்டி "இவன் எனக்கு அடிமை" என்று வழக்குப் பேசும் இடம். சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். ஒருவர் வாய் பிளந்து நிற்கிறார், ஒருவருக்குக் கோபம், ஒருவர் சந்தேகமாகப் பார்க்கிறார். பக்கத்தில் கல்யாணச் சமையல் நடக்கிறது, பெண்கள் அடுப்பைச் சுற்றி வேலையாக இருக்கிறார்கள். மேலே சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் குதிரையிலும் கயிலைக்குப் போகிறார்கள். ஊர்க்காரன் முகத்தை ஊர்க்காரனாகவே வரையத் தெரிந்த கை அது. அந்தக் கையிடம் போய், "நம் அரசரை அடையாளம் தெரியும்படி வரைந்து, கீழே பெயரையும் எழுது" என்று யாரும் சொல்லவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். கட்டளையிட வேண்டிய ஆள் அந்தக் கோயிலில்தான் நடமாடிக்கொண்டிருந்தான்.

அந்த ஓவியங்கள் உடையைப் பற்றி நிறையச் சொல்கின்றன. ஆண்கள் மேலுடம்பில் தைத்த அங்கி இல்லாமல், நகைகளோடு இருக்கிறார்கள். முடி நீளமாக வளர்த்துக் கொண்டையாக முடிந்திருக்கிறது. தில்லைக் கூத்தனை வணங்கி நிற்கும் அரச குடும்பம் என்று சொல்லப்படும் காட்சியிலும் வெல்வெட்டைக் காணோம். மேனி நிறம் ஒரே மாதிரி இல்லை, மாநிறம், கருமை, பச்சை ஓடிய நிறம் என்று பலவிதமாக இருக்கிறது. வாட்ஸாப்புப் படம் வரைகிற இயந்திரத்துக்கு இதைக் கொஞ்சம் காட்டலாம்.

காசு விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ராஜராஜன் காசுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. பெயர் இருக்கிறதே என்று ஆசையாகக் கையில் எடுத்தால், உருவம் ஈர்க்குச்சிகளை ஒடித்துச் சேர்த்தது போல இருக்கும். தலை ஒரு புள்ளி. இதே உருவத்தைப் பின்னால் வந்த இலங்கை மன்னர்கள் எடுத்து, பெயரை மட்டும் மாற்றித் தங்கள் காசில் போட்டுக்கொண்டார்கள். பராக்கிரமபாகு காசையும் ராஜராஜன் காசையும் பக்கத்தில் வைத்தால் எழுத்தைப் படித்துத்தான் ஆளைப் பிரிக்க வேண்டும்.

முத்துக்கு இருக்கும் வர்ணனை

என் எண்ணம் திசை மாறியது தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது. தஞ்சாவூர்க் கல்வெட்டுகள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. ராஜராஜன் சிலை பற்றி ஏதாவது கிடைக்குமா என்று தேடிப் போனேன். கிடைத்தது. பொய்கை நாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்த வேளான் என்பவர், கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவர், 29-ஆம் ஆட்சியாண்டு வரை தான் செய்து வைத்த செப்புப் பிரதிமங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். நம்பி ஆரூரர், அவர் மனைவி பரவை நங்கை, திருநாவுக்கரையர், திருஞானசம்பந்தர். அந்த வரிசையிலேயே பெரிய பெருமாள், அதாவது ராஜராஜன், பக்கத்தில் அரசி உலோகமாதேவி. பெரிய பெருமாளின் வழிபாட்டுக்குரிய சந்திரசேகர தேவரும் உண்டு. மன்னன் உயிரோடு இருக்கும்போதே, அவன் அதிகாரி ஒருவர், அவனைத் தெரிந்த கம்மாளர்களை வைத்து வார்த்த சிலை. இதைவிட நெருக்கமாக ஒரு சாட்சி கிடைக்காது.

அந்தச் சாட்சி முகத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. இந்தப் பட்டியல்களின் போக்கு இதுதான்: சிலையைக் கோயிலில் இருந்த முழக்கோலால் அளக்கிறார்கள். பாதாதிகேசாந்தம், பாதம் தொடங்கி முடி வரை, இத்தனை முழம், இத்தனை விரல், மிச்சம் இருந்தால் இத்தனை தோரை. தோரை என்பது நெல்மணி அளவு. கை இரண்டா நாலா, கனமாக வார்த்ததா பொள்ளலாக, அதாவது உள்ளே கூடாக, வார்த்ததா, பீடம் எவ்வளவு உயரம், சுற்றிப் பிரபை என்ற ஒளிவட்டம் உண்டா, எல்லாம் வருகிறது. ஒரு நெல்மணி உயரம்கூட விட்டுப்போகாத அந்தக் கணக்கில் "அரசரைப் போலவே இருக்கும்" என்று ஒரு சொல் கிடையாது.

நகைப் பட்டியல்களுக்குப் போனால் இன்னும் வியப்பு. பொன்னை ஆடவல்லான் என்ற எடைக்கல்லாலும், மணி பதித்த நகைகளைத் தட்சிணமேருவிடங்கன் என்ற எடைக்கல்லாலும் நிறுத்தார்கள். சரடும் சட்டமும் செப்பாணிகளும் நீக்கி எடை போட்டார்கள். முத்தை வெறும் முத்து என்று எழுத மனம் வரவில்லை அவர்களுக்கு. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என்று ரகம் பிரிக்கிறார்கள். நீரோட்டத்தில் குளிர்ந்த நீர் உடையது எது, சிவந்த நீர் உடையது எது என்று எழுதுகிறார்கள். ஒரு முத்து தட்டையாக இருந்தால் அது கல்லில் ஏறிவிடுகிறது. அரசன் மூக்கு தட்டையா எடுப்பா என்பது ஏறவில்லை. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் பெயர், எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று எழுதி வைத்த நிர்வாகம் அது. மறதியால் விட்டிருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. முகம் பதிய வேண்டிய தகவல் என்று அவர்கள் நினைக்கவே இல்லை.

அந்தச் செப்புச் சிலைகள் என்று சொல்லப்பட்ட இரண்டும் 2018-இல் செய்தியில் அடிபட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோயிலிலிருந்து காணாமல் போனவை என்று சொல்லி, சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அகமதாபாத்தில் ஒரு தனியார் அருங்காட்சியகத்திலிருந்து மீட்டுக் கொண்டுவந்தது. ரயில் வந்தபோது மேளதாளம், மாலை, தஞ்சாவூரில் திருவிழா. ராஜராஜன் 74 சென்டிமீட்டர், உலோகமாதேவி 53 சென்டிமீட்டர் என்று நாளிதழ்கள் எழுதின. கல்வெட்டில் சொன்ன சிலைகள் இவைதானா என்ற வாதம் அன்றே தொடங்கிவிட்டது. கவனித்தீர்களா, அந்த வாதத்தில் இரு தரப்பும் கையில் எடுத்தது முழமும் விரலும்தான். சிலையின் முகத்தைக் காட்டி "இது ராஜராஜன்தான்" என்று சொல்ல ஒருவருக்கும் வழியில்லை. ஒப்பிட இன்னொரு முகம் வேண்டுமே!

இதற்கெல்லாம் முன்பாக, அதே தொகுதியின் முதல் கல்வெட்டிலேயே எனக்கு வேண்டியது இருந்தது. எத்தனையோ முறை மேற்கோளாகப் படித்த வரிதான், முழு வாக்கியமாகப் படித்ததில்லை. 26-ஆம் ஆண்டு, 20-ஆம் நாள். தஞ்சாவூர் அரண்மனையில், இருமடிசோழன் பெயரிலான பகுதியில், கீழைத் திருமஞ்சனசாலையில் உட்கார்ந்து அரசன் தானம் செய்துகொண்டிருக்கிறான். அப்போது சொல்கிறான்: நாம் எடுப்பிச்ச திருக்கற்றளிக்கு, அதாவது கற்கோயிலுக்கு, "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக. கிழக்குப் பக்கத்துக் குளியல் மண்டபம், உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், சுற்றி ஓலையும் கையுமாக எழுத்தர்கள். தன் கொடை முதலில், அடுத்து அக்கா குந்தவை, அதற்கப்புறம்தான் மனைவிமார், கடைசியில் மற்றவர்கள். வரிசை வைக்கத் தெரிந்த மனிதர். வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பதையும் கல்லில் ஏற்றிவிட்டார். அக்காவுக்கு இதைச் சொன்னபோது மீசை விஷயத்தில் என்னை மன்னித்துவிட்டாள்.

இந்த வாக்கியத்தைப் படித்த பிறகு ஓவியத்து ஆள் மேல் எனக்கிருந்த ஆர்வம் பாதியாகக் குறைந்துபோனது. அவர் ராஜராஜனாக இருந்தாலும் எனக்குப் புதிதாக எதுவும் தெரியப் போவதில்லை. திருமஞ்சனசாலையில் உட்கார்ந்து, விட்டுப்போகாமல் எல்லாவற்றையும் வெட்டச் சொன்ன ஆளை எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த ஆளிடம் போய் "உங்கள் முகம்?" என்று கேட்டிருந்தால், பண்டாரத்தில் சரிபார்க்க முடியாத பொருளை எதற்குக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பான் என்று தோன்றுகிறது.

பெயர் எழுதிய உருவங்கள்

அந்தக் காலத்தில் அரசர் உருவங்களே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. பெயர் எழுதியே வைத்திருக்கிறார்கள். மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் இரண்டு பல்லவ மன்னர்கள் தேவியரோடு இருக்கிறார்கள், மேலே கிரந்த எழுத்தில் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர். பெயர் இருந்தும் அது எந்த மகேந்திரன் என்ற சண்டை ஓயவில்லை. கோனேரிராஜபுரத்தில் செம்பியன் மாதேவி தன் கணவர் பெயரால் கற்றளி எடுத்து, அங்கே அவர் லிங்கத்தை வணங்குவது போல ஒரு சிற்பம் வைத்தார். அடியில் நீளமான கல்வெட்டு. திருநல்லமுடையாரைத் திருவடி தொழுகின்றாராக எழுந்தருளுவித்த ஸ்ரீ கண்டராதித்த தேவர் இவர் என்று முடிகிறது. மனைவி செய்வித்த சிற்பம். கணவர் முகம் அவருக்கு மறந்திருக்காது. ஆனால் அந்தச் சின்னச் சிற்பத்தில் முகம் தனித்துத் தெரியும்படி எதுவும் இல்லை. ஆளைச் சொல்வது கீழே உள்ள எழுத்து. ஆள் அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதைச் சொல்வது சிற்பம். அவர் என்றென்றைக்கும் தொழுதுகொண்டிருக்க வேண்டும், அதுதான் காரியம். அதற்கு மூக்கும் மோவாயும் தேவையில்லை.

திருவிசலூரிலும் இதே கதைதான். 29-ஆம் ஆட்சியாண்டில் ராஜராஜன் துலாபாரமும் உலோகமாதேவி பொன்னால் செய்த கருவுக்குள் புகுந்து வெளிவரும் இரண்யகர்ப்பச் சடங்கும் செய்த தலம் அது. அங்கே லிங்கத்தை வணங்கும் அரசனும் அரசியுமாக ஒரு புடைப்புச் சிற்பத்தை அந்தத் தம்பதிகள் என்று காட்டுகிறார்கள். அந்த அடையாளத்துக்கு அடிப்படை, இடமும் செயலும். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் ராஜராஜன் உடம்பைப் பற்றிப் பேசத்தான் செய்கின்றன. அவன் உடம்பில் இருந்த குறிகளைப் பார்த்து, இவன் திருமாலே என்று தெரிந்துகொண்டார்களாம். புலவர்கள் எந்தப் பெரிய அரசனுக்கும் கொடுத்திருக்கக் கூடிய உடம்பு அது. வேஷம் கட்டுபவருக்கு உதவாது.

எலும்புக்கூடு கிடைத்தால் தீர்ந்துவிடுமே என்று ஒரு நண்பர் சொன்னார். இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்டுக்கு அப்படித்தான் தீர்ந்தது. 2012-இல் லெஸ்டர் நகரத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் எலும்புகள் கிடைத்தன. முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது நிஜம் என்று தெரிந்தது. மண்டையோட்டை வைத்து முகத்தையும் செய்து பார்த்தார்கள். இங்கே உடையாளூரில் ராஜராஜன் பள்ளிப்படை, அதாவது அடக்கம் செய்த இடத்தில் எழுப்பிய கோயில், என்று ஒரு இடத்தைக் காட்டி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அங்கே இதுவரை எலும்பு எதுவும் வரவில்லை. வந்தால் மீசை விஷயம் தெரியப் போவதும் இல்லை.

மீசைக்கு வந்தாயிற்று என்பதால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சோழர் செப்புத் திருமேனிகளில் சிவனுக்கும் சரி, நாயன்மார்களுக்கும் சரி, பெரும்பாலும் மீசை கிடையாது. சிலைக்கு மீசை இல்லாததால் மனிதர்களுக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. அக்கா மடக்கியது சரியான இடத்தில்தான். ஆனால் சிலை செய்கிறவர், நாடகம் போடுகிறவர், பாடப்புத்தகத்துக்குப் படம் வரைகிறவர் எல்லோரும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது கிடைத்திருக்கும் சோழர் காலக் கலையின் பக்கம் சாய்வது நியாயம். கொண்டை, வெறும் மார்பு, காதில் கனத்த குழை, கழுத்தில் நிறைய முத்து, ஐம்பதைத் தாண்டிய உடம்பு. முகத்தை உங்கள் விருப்பத்துக்கு வரைந்துகொள்ளுங்கள். அதன் கீழே "உண்மையான" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள். அந்த இரட்டை உருவ ஓவியத்தை அச்சிடுபவர்கள் "என்று கருதப்படும்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்தால் பக்கம் ஒன்றும் கூடிவிடாது.

நல்ல சிலை, எழுதிய பெயர், கண்ணால் கண்ட சாட்சி என்று மூன்றும் ஒரே அரசனுக்கு அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு கிருஷ்ணதேவராயர் இருக்கிறார். திருமலையில் கோயிலுக்குள் நுழைந்ததும், வரிசையில் தள்ளிக்கொண்டு போகிற அவசரத்தில் நாம் பார்க்காமல் கடந்துவிடும் செப்புச் சிலைகள் மூன்று. ராயர் உயரமான குல்லாய் அணிந்து கைகூப்பி நிற்கிறார், இருபுறமும் சின்னாதேவியும் திருமலாதேவியும். தோளில் பெயர்கள் பொறித்திருக்கின்றன. அவர் காலத்திலேயே செய்தவை. முகம் பளபளவென்று சுத்தமாக இருக்கிறது. 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்து ராயரை நேரில் பார்த்த போர்த்துக்கீசியர் டொமிங்கோ பயஸ், மன்னர் நடுத்தர உயரம், சிவந்த மேனி, ஒல்லி என்பதைவிடப் பருமன் என்றே சொல்லலாம், முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு என்று எழுதி வைத்திருக்கிறார். சிலை வார்த்தவர்களுக்கும் அந்தத் தழும்பு தெரிந்துதான் இருக்கும். சாமி முன்னால் காலகாலத்துக்கும் நிற்கப்போகிறவருக்கு அதை எதற்குப் போட வேண்டும் என்று விட்டிருப்பார்கள். வெளியூர்க்காரனுக்கு அந்தக் கூச்சம் இல்லை.

ராஜராஜனுக்கு ஒரு பயஸ் வாய்க்கவில்லை. அவன் தூதர்கள்தான் வெளியே போனார்கள். அவன் அனுப்பிய தூதுக்குழு 1015-இல் சீனத்தின் சோங் அரசவையைப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவன் இறந்துவிட்டிருந்தான். சீனர்கள் அவன் பெயரைத் தங்கள் நாவுக்கு வந்தபடி எழுதிக்கொண்டார்கள். தூதர்கள் கொண்டுபோன யானைத் தந்தங்களையும் வாசனைப் பொருட்களையும் குறித்துக்கொண்டார்கள். முத்துகளை எடை போட்டு எழுதிக்கொண்டார்கள்.